பக்கத்து லீகுடன் ஆட்டமா? முதலில் பேசிக்கொள்ளுங்கள்

வெதுருகுப்பத்தில் சிறுவனாக இருந்தபோது, கார்வேட்டிநகரத்துப் பையன்களோடு கிரிக்கெட் என்றால் முதல் பந்துக்கு முன் அரை மணி நேரம் வாக்குவாதம்தான். கிணற்றில் விழுந்தால் அவுட்டா, நான்கு ரன்னா? அமெரிக்கா வந்ததும் அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டேன்.

என் மகன் ஆடுவது லிட்டில் லீக் பேஸ்பால். அதில் 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துகள்தான் எறியலாம். 66ஐ எட்டினால் நான்கு நாள் ஓய்வு. எறியும் தூரம் 46 அடி. போனி லீகிலோ அதே வயதுக்கு 50 அடி! அங்கே பந்து எறியுமுன்பே ஓடுபவன் பேஸை விட்டு நகரலாம்; இங்கே கூடாது. பெண் பிள்ளைகளின் சாஃப்ட்பாலுக்கு அளவுகள் வேறு.

பக்கத்து ஊர் லீகுடன் ஒரு நட்பு ஆட்டம். நட்புதானே என்று கணக்குத்தாளை யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை 70 பந்து எறிந்தவனைத் திங்களன்று மறுபடி எறியவிட்டோம். நானும் கைதட்டினேன். இரவு முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தப் பருவம் முழுவதும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான்.

இப்போது என் காரில் ஒரு நோட்டு இருக்கிறது. யார் விதிப்புத்தகம், எத்தனை அடி, யார் கடைசியாக எப்போது எவ்வளவு எறிந்தான் என்று எழுதி, இரண்டு கோச்சுகளிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே ஆட்டம். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.