பூங்காவுக்கு எந்த நெடுங்கழுத்து வேண்டும்?

டைனோசர் பூங்கா அமைக்கும் கணினி விளையாட்டுகளில் ஊனுண்ணிகளுக்குத்தான் ஆளுக்கொரு குணம். ஒன்று கூட்டமாக வேட்டையாடும், இன்னொன்று வேலியை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நெடுங்கழுத்து டைனோசர்களுக்குக் கிடைப்பதோ 'பெரியது', 'இன்னும் பெரியது' என்ற இரண்டே அடையாளங்கள். 2003இல் வந்த 'ஜுராசிக் பார்க்: ஆபரேஷன் ஜெனிசிஸ்' விளையாட்டில் இந்த இனத்தில் பிரக்கியோசாரஸ், கமரசாரஸ் என்று இரண்டுதான் இருந்தன. 2018இல் தொடங்கிய 'ஜுராசிக் வேர்ல்டு எவல்யூஷன்' வரிசையில் பட்டியல் நீண்டது. ஆனாலும் ஆட்டக்காரர் செய்ய வேண்டிய வேலை பெரிதாக மாறவில்லை: பரந்த இடம், கொஞ்சம் காடு, ஒரு குளம், உயரமான தீனித்தொட்டி. அதன்பின் பார்வையாளர் கட்டணத்தை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

உண்மையான நெடுங்கழுத்துகள் இவ்வளவு ஒரே மாதிரி இருந்ததில்லை. சவ்ரோபாட் எனப்படும் இந்தக் குழு 13 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பூமியில் உலவியது. எல்லாக் கண்டங்களிலும் அதன் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. புதிதாக ஒன்றைப் பூங்காவில் சேர்ப்பதென்றால் எத்தனை மீட்டர் நீளம் என்று பார்த்துச் சேர்ப்பதில் சுவாரசியம் இல்லை. அது எப்படித் தின்றது, எப்படி வளர்ந்தது, எதற்கு அஞ்சியது என்று பார்த்துச் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பூங்கா கட்ட வேண்டியிருக்கும்.

மெல்லாத வாய்

அத்தனை நீளக் கழுத்து சாத்தியமானதற்கு முதல் காரணம் வாய். யானையும் பசுவும் தீனியை அரைத்து மெல்லுகின்றன. அதற்குப் பெரிய கடைவாய்ப் பற்களும் கனத்த தாடைத் தசைகளும் வேண்டும், தலையும் கனத்துவிடும். சவ்ரோபாட்கள் மெல்லவில்லை. இலையைப் பறித்து அப்படியே விழுங்கின. செரிக்கும் வேலையெல்லாம் பெருவயிற்றில் நாள்கணக்கில் நடந்தது. தலை சிறுத்ததால் கழுத்து நீள இடம் கிடைத்தது. அத்துடன், பறவைகளுக்கு இருப்பது போன்ற காற்றுப்பைகள் கழுத்தெலும்புகளுக்குள் ஊடுருவி அவற்றின் எடையைக் குறைத்தன.

1993இல் வெளியான 'ஜுராசிக் பார்க்' படத்தில் பிரக்கியோசாரஸ் பின்னங்கால்களில் எழுந்து நின்று இலை பறிக்கும், மாடு மாதிரி அசைபோடும். இரண்டுமே சரியில்லை. முன்னங்கால்கள் நீண்டு, உடல் எடை முன்பக்கம் சாய்ந்திருந்த அந்த விலங்கு அப்படி எழுந்து நிற்பது மிகக் கடினம்.

வேலிக்கு அப்பால் எட்டும் கழுத்து

கழுத்து நீளம்தான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மாமென்கிசாரஸ் போதும். 1952இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் கட்டுமான வேலையின்போது இதன் எலும்புகள் வெளிப்பட்டன. 1954இல் யாங் சோங்ஜியான் பெயரிட்டார். இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு இனத்தின் கழுத்து சுமார் 15 மீட்டர் இருந்திருக்கும் என்று 2023இல் வெளியான ஆய்வு கணித்தது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் 7 எலும்புகள்தாம், மாமென்கிசாரஸுக்கு 18 அல்லது 19. ஒவ்வோர் எலும்பின் கன அளவிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காற்று.

இந்தக் கழுத்துகள் எந்த நிலையில் இருந்தன என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. டிப்ளோடோகஸ், அபடோசாரஸ் ஆகியவற்றின் கழுத்து இயல்பாகத் தாழ்ந்தே இருந்தது என்று 1999இல் ஒரு கணினி மாதிரி சொன்னது. இன்றைய நிலவாழ் விலங்குகள் கழுத்தை நிமிர்த்தியே வைத்திருக்கின்றன, சவ்ரோபாட்களும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று 2009இல் வேறொரு குழு மறுத்தது. எப்படி இருந்தாலும், நின்ற இடத்திலிருந்தே பெரும் பரப்பை மேய்ந்து முடிப்பது மாமென்கிசாரஸின் பலம். விளையாட்டில் இந்தப் பலத்தைக் கொண்டுவந்தால் வேலிக்கு வெளியே பத்து மீட்டர் தூரத்தில் நட்ட மரமும் மிஞ்சாது. வேலியை எங்கே போடுவது என்று ஆட்டக்காரர் முதன்முறையாக யோசிக்க வேண்டிவரும்.

தரையை மேய்வது, தீவில் குறுகியது

நைஜர் நாட்டின் சஹாரா பாலைவனத்தில் கிடைத்த நைஜர்சாரஸ் மாமென்கிசாரஸுக்கு நேர் எதிர். நீளம் 9 மீட்டர்தான். 1999இல் பால் செரினோ குழு இதற்குப் பெயரிட்டது. வாய் முன்பக்கம் அகன்று நேர்கோடாக வெட்டியது போலிருக்கும், பற்கள் எல்லாம் அந்த முன்விளிம்பில் வரிசைகட்டி நிற்கும். மாற்றுப் பற்களையும் சேர்த்தால் 500க்கு மேல். ஒவ்வொரு பல்லும் சுமார் 14 நாளில் விழுந்து புதுப்பல் முளைத்தது. தரையோடு தரையாக மேய்ந்து மண்ணும் மணலும் கலந்த தீனியைத் தின்றால்தான் பல் இவ்வளவு வேகமாகத் தேயும். உயரமான தீனித்தொட்டியால் இதற்குப் பயனே இல்லை.

இடம் போதாமல் திண்டாடும் ஆட்டக்காரர்களுக்கு யூரோபாசாரஸ். வட ஜெர்மனியின் ஒரு கல்குவாரியில் கிடைத்த இந்த எலும்புகளைக் குட்டிகளுடையவை என்றுதான் முதலில் நினைத்தார்கள். எலும்பை மெல்லியதாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது வளர்ச்சி நின்றுபோன முதிர்ந்த விலங்குகளும் அவற்றில் இருந்தது தெரியவந்தது. முழு வளர்ச்சியில் 6.2 மீட்டர்! 15 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பா ஆழமில்லாத கடலில் சிதறிக் கிடந்த தீவுகளாக இருந்தது. தீனி குறைந்த தீவில் மாட்டிக்கொண்ட பேருயிர் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப்போனது. தீவில் பூங்கா கட்டும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விலங்கு எது?

நம் நாட்டுப் பட்டியல்

இந்தியாவிலிருந்து ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டால், இரண்டு சேர்க்கலாம். முதலாவது பராபாசாரஸ் தாகோரை. கோதாவரிப் பள்ளத்தாக்கில் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தோண்டியெடுத்து 1975இல் பெயரிட்டது. தோண்டும் பணி நடந்த 1961 தாகூரின் நூற்றாண்டு என்பதால் அவர் பெயர். குறைந்தது ஆறு விலங்குகளின் ஏறத்தாழ 300 எலும்புகள் ஓரிடத்தில் கிடைத்தன. தொடையெலும்பு மட்டும் 1.7 மீட்டர். மண்டையோடு கிடைக்கவில்லை, சில பற்களே கிடைத்தன. உலகின் பழைமையான சவ்ரோபாட்களில் ஒன்று இது.

இரண்டாவது இசிசாரஸ். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் டோங்கர்காவ்ன் என்ற இடத்தில் கிடைத்தது. குட்டையான, தடித்த கழுத்து, நீண்ட முன்னங்கால்கள். மற்ற நெடுங்கழுத்துகளின் அருகே நிறுத்தினால் தனியாகத் தெரியும். இதைச் சேர்க்கச் சொல்வதற்குத் தோற்றத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. இசிசாரஸும் அதன் சுற்றத்தாரும் வாழ்ந்த உலகம் நமக்கு நன்றாகவே தெரியும்.

அதே வட்டாரத்தில் உள்ள பிஸ்துரா கிராமத்தில் கல்லாகிப்போன சாணம் ஏராளம். இசிசாரஸை உள்ளடக்கிய டைட்டனோசர் வகைச் சவ்ரோபாட்களுடையதாகக் கருதப்படும் அந்தச் சாணத்தில் புல்லின் சிலிக்காத் துகள்கள் இருப்பதாக 2005இல் வந்தனா பிரசாத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டினார்கள். டைனோசர் காலத்தில் புல் ஏது என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பாடநூல்களைத் திருத்த வேண்டியதாயிற்று. மத்தியப் பிரதேசத்தின் நர்மதைப் பள்ளத்தாக்கில் டைட்டனோசர்களின் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்ததை 2023இல் வெளியான ஆய்வு விவரித்தது. கூடுகள் நெருக்கியடித்துக் கிடப்பதால் தாய் விலங்குகள் அங்கே தங்கிக் காவல் காத்திருக்க முடியாது. குஜராத்தின் தோளி துங்கிரியில் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டபடியே கல்லான 3.5 மீட்டர்ப் பாம்பு கிடைத்தது. அதன் பக்கத்திலேயே பொரித்து வெளிவந்த, அரை மீட்டர் நீளமான சவ்ரோபாட் குஞ்சு. 2010இல் சனாஜே இண்டிகஸ் என்று அந்தப் பாம்புக்குப் பெயரிட்டார்கள்.

புல், காவலற்ற கூடுகள், முட்டைப் பக்கம் காத்திருக்கும் பாம்பு: விளையாட்டு வடிவமைப்பாளர் கற்பனையாகச் சேர்க்க வேண்டியது எதுவுமே இல்லை.

அரியலூர்க்காரர் வேண்டாம்

தமிழ்நாட்டு வாசகர்கள் இங்கே ஒரு பெயரை எதிர்பார்ப்பார்கள். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிருஹத்காயோசாரஸை 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் விவரித்தார்கள். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தப்பட்டது, பின்னர் சவ்ரோபாட் என்று கருதப்பட்டது. கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். எடை 110 முதல் 170 டன் இருக்கலாம் என்று 2023இல் ஒரு கணிப்பு வந்தது. அது சரியென்றால் தரையில் நடந்தவற்றிலேயே மிகப் பெரியது இதுதான்.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈர மண்ணில் நொறுங்கிப்போயின. 2022இல் வெளியான பழைய புகைப்படங்களும் வரைபடங்களும்தாம் சாட்சி. 'எவல்யூஷன்' முதல் விளையாட்டில் புதைபடிவங்களைத் தோண்டி மரபணுவில் 50 சதவீதமாவது சேர்த்தால்தான் விலங்கு பொரிக்கும். அந்த விதிப்படி அரியலூர்க்காரருக்கு அனுமதி கிடைக்காது. உள்ளூர்ப் பாசத்துக்காக அவரைச் சேர்த்தால் பூங்காவில் நடமாடுவது நம் ஊகம் மட்டுமே. அரியலூரை அகழ்விடமாகச் சேர்க்கட்டும். இன்னோர் எலும்பு கிடைத்தால் விலங்கைச் சேர்த்துக்கொள்ளலாம்.

என் பட்டியலில் முதலிடம் இசிசாரஸுக்குத்தான். அதன் உறவுகளை நேரில் பார்க்க விளையாட்டு வெளியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பராபாசாரஸின் எலும்புக்கூடு கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. யாதகிரி பெயரிட்ட கோட்டாசாரஸ் ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கிறது. விடுமுறையில் ஹைதராபாத் போகும் குடும்பங்கள் சார்மினாரோடு இதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.