புதுப் போனா? பழசே போதும்!

ஐரோப்பாக்காரர் என்றால் கையில் காசு உள்ளவர். புது மாடல் போன் கடைக்கு வந்த அன்றே வாங்குவார். பழையதைத் தூக்கிப் போட்டு விடுவார். நம்மில் பலர் இப்படித்தான் எண்ணிக்கொண்டு இருக்கிறோம்.

அந்தக் காலம் மலையேறி வருகிறது. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பாவில் புதிய போன் விற்பனை சரிந்தது. 2024-ம் ஆண்டில் சற்றே தலை தூக்கியது. உக்ரைன் போருக்குப் பிறகு கியாஸ் விலையும் மின்சாரக் கட்டணமும் ஏறியது ஒரு காரணம். வீட்டு வாடகைக்கும் கரண்ட் பில்லுக்குமே சம்பளம் போய்விட்டால், அங்கேயும் மனுஷன் கையைச் சுருக்கித்தானே ஆகவேண்டும்! இன்னொரு காரணம், இந்த வருஷத்துப் போனுக்கும் மூன்று வருஷத்துக்கு முந்தைய போனுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போனது.

ஆகவே, பழைய போனைப் பழுது பார்த்து, துடைத்துச் சுத்தம் செய்து, உத்தரவாதத்துடன் விற்கும் வியாபாரம் அங்கே வளர்ந்து விட்டது. பிரான்ஸ் நாட்டில் 2014-ம் ஆண்டு தொடங்கிய 'பேக் மார்க்கெட்' கம்பெனிக்கு இதுவேதான் தொழில். நம் ஊர்க் கடைகளில் 'செகண்ட் ஹேண்ட்' என்று அடியில் இருந்து எடுத்துக் காட்டும் சரக்கு, அங்கே பெட்டி போட்டு, பில் போட்டு விற்பனை ஆகிறது.

பத்துக்கு எத்தனை மார்க்?

இந்த மாற்றத்துக்குச் சட்டம் போட்டு வழி திறந்த நாடு பிரான்ஸ். 2021-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் ஸ்மார்ட்போன், லேப்டாப், டி.வி., வாஷிங் மெஷின், புல் வெட்டும் எந்திரம் ஆகிய 5 பொருள்களுக்கும் விலைச் சீட்டின் பக்கத்தில் இன்னொரு எண்ணும் போடவேண்டும் என்று உத்தரவு வந்தது. அதுதான் 'பழுது பார்க்கும் மார்க்'. 10-க்கு இத்தனை என்று இருக்கும். குறைந்த மார்க் என்றால் சிவப்பு நிறம். நல்ல மார்க் என்றால் பச்சை.

எதற்கெல்லாம் மார்க்? பழுது பார்க்கும் விவரங்களைக் கம்பெனி வெளியே கொடுக்கிறதா? பொருளைச் சுலபமாகக் கழற்ற முடிகிறதா? உதிரி பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும்? அந்தப் பாகத்தின் விலை என்ன? இவை நான்கு. ஐந்தாவதாக, அந்தந்தப் பொருளுக்கே உரிய சில சங்கதிகள்.

நான்காவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாகத்தின் விலையை, பொருளின் விலையோடு ஒப்பிட்டு மார்க் போடுகிறார்கள். பாகம் விலை ஏற ஏற மார்க் இறங்கும்.

எங்கள் பார்சல் ஆபீசில் நண்பர் ஒருவரின் போன் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. வாங்கிய விலை ரூ.14 ஆயிரம். சர்வீஸ் சென்டரில் டிஸ்பிளே மாற்ற ரூ.8 ஆயிரத்து 500 கேட்டார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிடலாமே சார்" என்று யோசனை வேறு! நம்மைப் புதுசு வாங்க வைப்பதற்கே அந்த விலை வைத்தார்களோ, என்னவோ.

பிரான்ஸ் முறையிலும் ஓட்டை உண்டு. மார்க் போடுவது வாத்தியார் அல்ல, பரீட்சை எழுதிய பையனே! அதாவது, கணக்குப் போடுவது தயாரிக்கும் கம்பெனி. அதிகாரிகள் அதைச் சோதிக்கலாம், அவ்வளவுதான். மார்க் தாராளமாக விழுகிறது என்று அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் குறை கூறின. குறை நியாயமானதே. ஆனாலும் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரண ஆளுக்கு ஒரு எண் கிடைத்தது. டி.வி.க்கும் வாஷிங் மெஷினுக்கும் 2025-ம் ஆண்டில் இதை மேலும் கடுமையாக்கி, 'எத்தனை காலம் உழைக்கும்' என்பதற்கும் சேர்த்து மார்க் போடச் சொன்னார்கள்.

2½ கோடி யூரோ அபராதம்

ஒரு பொருள் சீக்கிரம் வீணாகும்படி வேண்டும் என்றே தயாரிப்பது, பிரான்சில் 2015-ம் ஆண்டு முதல் குற்றம். 2 ஆண்டு ஜெயில், 3 லட்சம் யூரோ அபராதம் வரை விதிக்கலாம்.

2020-ம் ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி அங்கே 2½ கோடி யூரோ அபராதம் கட்ட நேர்ந்தது. அது வேறு பிரிவின் கீழ். பழைய ஐபோனில் சாப்ட்வேரைப் புதுப்பித்தால் வேகம் குறையலாம் என்பதை வாங்கியவர்களுக்குச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. போன் மெதுவாக ஓடினால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஆயுசு முடிந்தது என்று புதுசு வாங்கப் போவார்கள். பேட்டரியை மாற்றினாலே போதும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

27 நாடுகளுக்கு ஒரே சீட்டு

2025-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும், புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் பொதுவான சீட்டு வந்து விட்டது. நம் ஊரில் பிரிட்ஜ் மேல் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறதே, ஏறத்தாழ அது மாதிரி. ஒரு தடவை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் தாங்கும், எத்தனை தடவை சார்ஜ் செய்யலாம், கீழே விழுந்தால் தாங்குமா, பழுது பார்ப்பது சுலபமா என்று எல்லாம் அதில் இருக்கும்.

கூடவே கட்டாய விதிகளும் உண்டு. பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீத சக்தி மிச்சம் இருக்க வேண்டும். விற்பனையை நிறுத்திய பிறகும் முக்கியமான உதிரி பாகங்கள் 7 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். சாப்ட்வேர் 5 ஆண்டுகளாவது தர வேண்டும்.

சார்ஜர் கதை தனிக் கதை. 2009-ம் ஆண்டில் அங்கே 30 வகை சார்ஜர்கள் இருந்தன. "நீங்களே பேசி ஒழுங்கு செய்யுங்கள்" என்று கம்பெனிகளிடம் சொல்லிப் பார்த்தார்கள். 30 என்பது 3 ஆனது, ஒன்று ஆகவில்லை. கடைசியில் 2022-ம் ஆண்டு சட்டம் போட்டார்கள். 2024-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி முதல் போன், டேப்லெட், கேமரா எல்லாவற்றுக்கும் ஒரே 'டைப்-சி' வாய். வீணாகும் சார்ஜர்கள் மட்டும் ஆண்டுக்கு 11 ஆயிரம் டன் குப்பை என்று ஐரோப்பிய கமிஷன் கணக்கிட்டு இருந்தது. வீட்டில் சார்ஜர் இருப்பவர் சார்ஜர் இல்லாமலே போன் வாங்கவும் வழி உண்டு.

சொல்வதும் வாங்குவதும்

இதனால் ஐரோப்பியர் எல்லாரும் திருந்தி விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஹாலந்தில் 'பேர்போன்' என்று ஒரு கம்பெனி 2013-ம் ஆண்டு முதல், ஸ்குரு டிரைவர் ஒன்று இருந்தால் வீட்டிலேயே பாகம் மாற்றக்கூடிய போன்களை விற்கிறது. எல்லாரும் பாராட்டுகிறார்கள். வாங்குவது எத்தனை பேர்? 2023-ம் ஆண்டில் விற்றது ஏறத்தாழ ஒரு லட்சம். பெரிய கம்பெனிகள் கோடிக் கணக்கில் விற்கும் இடத்தில் அது எந்த மூலைக்கு!

காசை மிச்சம் காட்டினால்தான் ஜனங்கள் வருகிறார்கள். ஆஸ்திரியா அரசு 2022-ம் ஆண்டு ஒரு திட்டம் கொண்டு வந்தது. மின்சாரச் சாமானைப் பழுது பார்க்க ஆகும் செலவில் பாதியை, 200 யூரோ வரை, அரசே கொடுத்தது. நம் பணத்தில் சுமார் ரூ.20 ஆயிரம். ரிப்பேர் கடைகளில் கூட்டம் சேர்ந்ததில் என்ன ஆச்சரியம்?

ஆம்ஸ்டர்டாமில் 2009-ம் ஆண்டு தொடங்கிய 'ரிப்பேர் கபே'யையும் சொல்ல வேண்டும். கெட்டுப்போன டோஸ்டரை, ரேடியோவை எடுத்துக்கொண்டு போனால், தொழில் தெரிந்தவர்கள் இலவசமாக உட்கார்ந்து சரி செய்து தருவார்கள். காபியும் உண்டு. மும்பை லாமிங்டன் ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் நம் பையன்கள் காலம் காலமாகச் செய்யும் வேலைதான். அவர்கள் அதைச் செய்து வயிறு வளர்க்கிறார்கள். அங்கே அது ஞாயிற்றுக்கிழமைப் பொதுத் தொண்டு!

நம் நாட்டில்?

அந்த நாட்டுச் சட்டம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஐரோப்பா பெரிய சந்தை. அதற்கென்று தனியாக ஒரு மாடல் செய்வது கம்பெனிக்குக் கட்டுப்படி ஆகாது. 2023-ம் ஆண்டு செப்டம்பரில் வந்த ஐபோன் 15, டைப்-சி வாயுடன் நம் ஊர்க் கடைக்கும் வந்தது இப்படித்தான்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-ம் ஆண்டு டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கு என்று ஒரு இணையதளம் தொடங்கியது. பிரான்ஸ் மாதிரி மார்க் போடுவது பற்றி ஆராய 2024-ம் ஆண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. 2025-ம் ஆண்டு அறிக்கையும் வந்தது. மாதச் சம்பளத்தில் பாதியைத் தவணையாகக் கட்டிப் போன் வாங்கும் நம்மவர்களுக்கு, பணக்கார நாட்டுக்காரரை விட இந்த மார்க் அதிகம் தேவை என்பேன்.

ஐரோப்பாவில் அடுத்த நாளும் குறித்தாகி விட்டது. 2027-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி முதல் வரும் பொருள்களில், வாங்கியவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். நீண்ட நாள் உழைக்கும் பேட்டரி போட்டு, தண்ணீர் புகாமல் செய்த போன்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பின்லாந்து நாட்டு நோக்கியா கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை நடத்திய நாட்களில், நாமெல்லாம் நகத்தால் மூடியை நெம்பித் திறந்து பேட்டரி மாற்றினோமே, நினைவு இருக்கிறதா? அந்த வசதியைத்தான் சட்டம் போட்டுத் திரும்ப வாங்குகிறார்கள்.