மார்க்கெட்டுக்குச் சொந்த வண்டி: பழைய வேன் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டு போகும் சிறு விவசாயிகளுக்கு அறுவடைக் காலத்தில் விலை ஒன்று மட்டும் கவலை அல்ல. வண்டியும் கிடைக்க வேண்டும். தக்காளியைப் பறித்துப் பெட்டியில் அடுக்கி வரப்போரம் வைத்துவிட்டு வாடகை வண்டிக்குக் காத்திருந்தால், அது வழியில் இன்னும் இரண்டு தோட்டத்துச் சரக்கை ஏற்றிக்கொண்டுதான் வந்து சேரும். மண்டிக்குப் போகும்போது வாங்க வந்தவர்களின் தேவை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். முருங்கைக்காய் ஒரு நாள் தாங்கும். பழுத்த தக்காளி தாங்காது. கீரையும் கொத்தமல்லியும் போடுகிறவர்கள் பாடு அதைவிட மோசம்.

இந்த நிலையில் சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் நல்லது என்ற எண்ணம் வருவது இயற்கை. புது வண்டி எட்டாது. பழைய வண்டிதான் வழி. 2005-ம் ஆண்டு டாட்டா ஏஸ் வந்ததிலிருந்து முக்கால் டன் சரக்கு ஏற்றும் சிறு வண்டிகள் கிராமத்து மண்பாதை வரை வந்துவிட்டன. குட்டி யானை என்று பெயர் வாங்கிய வண்டி அதுதான். 2011-ல் வந்த அசோக் லேலண்டு தோஸ்த் ஒன்றேகால் டன் ஏற்றும். இவை கைமாறிக் கைமாறி இன்று எல்லா ஊர்களிலும் விலைக்குக் கிடைக்கின்றன. கையில் ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றை வாங்க உத்தேசித்திருப்பவர்கள் முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் கொள்வது நல்லது. விற்பவர் சொல்லும் தொகை வண்டியின் விலை ஆகாது. அதன் மேல் முதல் லோடு ஏற்றுவதற்குள் ஆகும் செலவும் சேர்ந்ததுதான் விலை. ஆகவே கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குள் அடங்கும் வண்டியைத்தான் தேட வேண்டும். இரண்டு லட்சம் இருப்பவர் இரண்டு லட்ச ரூபாய் வண்டியைப் பார்க்கவே போகக்கூடாது.

நடைக் கணக்கு

வண்டி தேவையா என்பதையே முதலில் கணக்குப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். மார்க்கெட் 25 கிலோ மீட்டர் தூரம், வாடகை வண்டிக்கு நடை ஒன்றுக்கு 1,000 ரூபாய், வருஷத்தில் 60 நடை என்று வைத்துக்கொண்டால் வாடகை 60,000 ரூபாய் ஆகிறது. சொந்த வண்டியில் போக வர 50 கிலோ மீட்டர். லோடுடன் ஓடும் பழைய டீசல் வண்டி லிட்டருக்கு 14 கிலோ மீட்டர் கொடுத்து, டீசல் 93 ரூபாய் என்றால் நடைக்கு சுமார் 330 ரூபாய். 60 நடைக்கு 20,000 ரூபாய். இதோடு கணக்கு முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

முடியவில்லை. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிகளுக்கு மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் அடிப்படைப் பிரீமியம் 2022 ஜூனில் 16,049 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. வண்டி பழசு என்பதற்காக இது குறையாது. வரியும் உரிமையாளருக்கான விபத்துக் காப்பும் சேர்த்து 18,000 ரூபாய் என்று கொள்ளலாம். எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி. எடுக்க வேண்டும். பெயிண்ட், விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர் என்று அதற்கு 10,000 ரூபாய். ஆயில், டயர், பாட்டரி, ரிப்பேர் வகைக்கு 15,000 ரூபாய். ஆக மொத்தம் 63,000. வாடகை வண்டியைவிட 3,000 ரூபாய் அதிகம்! வண்டிக்குப் போட்ட முதலும், நகையை வைத்து வாங்கியிருந்தால் அதன் வட்டியும் இதில் சேரவில்லை.

நடை 120 ஆனால் கதை மாறுகிறது. வாடகை 1,20,000 ரூபாய். சொந்த வண்டியில் டீசல் 40,000, இன்ஷ்யூரன்ஸ் 18,000, எப்.சி. 10,000, பராமரிப்பு 22,000, மொத்தம் 90,000. மிச்சம் 30,000 ரூபாய். அக்கம்பக்கத்துத் தோட்டத்துச் சரக்கையும் ஏற்றினால்தான் இத்தனை நடை வரும். சரக்கு வண்டியாகப் பதிவான மஞ்சள் போர்டு வண்டியில் வாடகைக்கு ஏற்றுவதில் தடை இல்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை. ஏஸும் தோஸ்த்தும் இதில் அடங்கும். பிக்கப் வகையில் சில 3,000 கிலோவைத் தாண்டும் என்பதால் ஆர்.சி.யில் எடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். சம்பளத்துக்கு டிரைவர் போட்டால் மேலே சொன்ன மிச்சம் அவரோடு போய்விடும். கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸ் இதற்குப் போதும். 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டிக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது.

முன்பு என்ன ஏற்றியது?

வண்டியின் வயதைக் கேட்பதற்கு முன் அது என்ன தொழில் செய்தது என்று கேட்பது புத்திசாலித்தனம். பிஸ்கட், பால் பாக்கெட் ஏற்றிய வண்டி தினமும் ஓடியிருக்கும். ஆனால் பாரம் அளவோடு இருந்திருக்கும். செங்கல், மணல், ஜல்லி ஏற்றிய வண்டி குறைவாக ஓடியிருந்தாலும் இடுப்பொடிந்திருக்கும். பின் ஸ்பிரிங்கில் கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தால் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி என்று அர்த்தம். விற்பவர் இதை ஒரு சிறப்பாகவே எடுத்துச் சொல்வார், ஏமாந்துவிடக் கூடாது. மீன் ஏற்றிய வண்டி எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தளத்தின் இடுக்கு வழியே இறங்கி சேஸை அரித்துவிடும். எத்தனை முறை கழுவினாலும் தளத்துப் பலகைக்கு அடியில் வாடை நிற்கும்; மூக்கே சாட்சி.

சேஸைப் பார்க்கப் பின்னால் குனிந்து பார்த்தால் போதாது. ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தைச் சுற்றி வெல்டிங் வைத்த தழும்பு, விரிசல், பொருக்காக உதிரும் துரு ஆகியவை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம். எஞ்சினை 40,000 ரூபாயிலோ 50,000 ரூபாயிலோ பிரித்துக் கட்டிவிடலாம். அரித்துப்போன சேஸுக்கு வைத்தியம் கிடையாது. அடியில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகம் அதிகமாக வேண்டும். மேல் தகரத்தில் பட்டி பார்த்து மறைத்த இடங்களைக் கண்டுபிடிக்கச் சிறு காந்தம் ஒன்று போதும். பட்டி கனமாக உள்ள இடத்தில் ஒட்டாது.

2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் வெள்ளம் வந்தது. அந்தப் பகுதிப் பதிவெண் கொண்ட வண்டியானால் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் வண்டி மூழ்கியது. ஒயரிங் பழுது பிறகு ஒன்று மாற்றி ஒன்றாக வந்துகொண்டிருக்கும்.

எஞ்சினைச் சோதிக்கும் விதம்

'காலையில் வருகிறோம், வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று விற்பவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏஸ் வண்டியில் சீட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது. சூடான எஞ்சின் யாருக்கும் சுலபமாக ஸ்டார்ட் ஆகும். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்.

ஸ்டார்ட் ஆனபின் நீலப் புகை விடாமல் வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. கறுப்புப் புகையானால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் கோளாறு. இது சரி செய்யக்கூடியது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது சகஜம். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போதே திறந்து பார்த்துவிட வேண்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலும், ஆயில் அளவுக் குச்சியில் பால் கலந்தது போல் தெரிந்தாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்று கொள்ள வேண்டும். வெயிலில் மேட்டில் லோடு இழுத்துச் சூடேறிய சிறு எஞ்சின்களுக்கு இது வழக்கமான நோய்.

கிளட்ச்சைச் சோதிக்க ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் மெதுவாகக் கிளட்ச்சை விட வேண்டும். எஞ்சின் அணைந்துவிட்டால் கிளட்ச் நன்றாக இருக்கிறது; அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்தது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் அவசியம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ஆறேழு வருஷத்து டயர் வெயிலில் வெடிக்கும். நான்கையும் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம்.

ஓட்டிப் பார்ப்பது காலி வண்டியில் பயனில்லை. நாலைந்து மூட்டை மணலாவது ஏற்றி ஒரு மேடு ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கை அன்றைய கூலி கொடுத்து அழைத்துப் போவது வீண் செலவல்ல. விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

ஆர்.சி.யில் யார் பெயர்?

வண்டி நன்றாக இருந்து காகிதம் கெட்டிருந்தால் அது தோட்டத்தில் நிற்கும் தகர டப்பாதான். ஆர்.சி.யில் பெயருள்ளவரை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இரண்டு மூன்று கை மாறியும் முதல் சொந்தக்காரர் பெயரிலேயே, தேதி போடாத கையெழுத்துப் படிவங்களுடன் சுற்றும் வண்டிகள் நிறைய உண்டு. அவர் ஊர் மாறியிருந்தாலோ காலமாகியிருந்தாலோ பெயர் மாற்றம் பெரும்பாடு. சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் எப்.சி., இன்ஷ்யூரன்ஸ், பைனான்ஸ் கடன் நிலவரம் தெரியும். போலீஸ் அபராத பாக்கியையும் பார்த்துக்கொள்ளலாம். பைனான்ஸ் கடன் அடைந்திருந்தால் போதாது. கம்பெனியின் தடையில்லாக் கடிதமும் படிவம் 35-ம் வாங்கி ஆர்.சி.யிலிருந்து அடமானத்தை நீக்க வேண்டும். வெளி மாநில வண்டி மலிவாகத் தெரியும். அங்கே தடையில்லாச் சான்று, இங்கே வரி, மறுபதிவு என்று அலைந்து முடிக்கும்போது மலிவு இருக்காது. 15 ஆண்டு கடந்த சரக்கு வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு எப்.சி. கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தியது. ஆகவே 13, 14 வயது வண்டியை வாங்குகிறவர் அடுத்த வருஷத்தையும் யோசிக்க வேண்டும்.

படிவம் 29, 30 இரண்டையும் பூர்த்தி செய்து 30 நாட்களுக்குள் வாங்கியவர் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷ்யூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் கெடு. வண்டியை விற்கிற விவசாயிக்கும் இதில் அக்கறை வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்து செய்தால் ஆர்.சி.யில் இருப்பவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் சொல்லியிருக்கிறது.

ஆட்களை ஏற்றினால்

சொந்த வண்டி வந்தவுடன் காய் பறிக்க வரும் பெண்களைப் பின்னால் ஏற்றி வருவது எங்கும் நடக்கிற காரியம். கவிழ்ந்தால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கை விரித்துவிடும். சரக்கு வண்டியில் ஏற்றிய பயணிகளுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு உண்டு. சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய பிரதிநிதி சரக்கோடு வருவதற்கு மட்டும் சட்டத்தில் இடம் இருக்கிறது. டிரைவருக்கும் ஏற்றி இறக்கும் ஆளுக்கும் சிறு தொகை கூடுதலாகக் கட்டி பாலிசியில் சேர்த்துக்கொள்ளலாம். பறிப்பு ஆட்களுக்கு அப்படி வழியில்லை. ஒரு விபத்தில் நஷ்டஈடாக நிலமே போய்விடக் கூடும். போகிற உயிருக்கோ ஈடே கிடையாது. ஆட்களுக்கு பஸ் கட்டணமோ ஷேர் ஆட்டோ வாடகையோ கொடுத்துவிடுவதே உசிதம்.

வண்டி கைக்கு வந்ததும், எடுத்து வைத்த பணத்திலிருந்து எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். ஏஸ் வண்டியானால், டைமிங் பெல்ட் மாற்றிய தேதி தெரியாதபோது அதையும் மாற்றிவிடுவது நல்லது. அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும். முதல் ஒரு மாதம் பாதி லோடு போதும். பணம் கொடுத்து வண்டியை எடுக்கும்போது எழுதும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் குறித்து இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். அன்று காலை வரை அந்த வண்டி யாரையாவது இடித்திருந்தால் அது யார் கையில் இருந்தது என்பதற்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம்.