வானத்துத் தூரம் – 14: மதுரையைவிடப் பக்கத்தில் யாழ்ப்பாணம்

போன வாரம் போர்ட் பிளேரோடு நிறுத்தினோம். இந்த வாரம் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தின் கதை என்று சொல்லியிருந்தேன். அதற்காக வரைபடத்தை விரித்தபோது கண்ணில் பட்ட ஒரு விஷயத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் தீர்க்கரேகை கிழக்கே 80 டிகிரி 10 நிமிடம். பலாலிக்கு 80 டிகிரி 4 நிமிடம். அதாவது யாழ்ப்பாணம் நமக்கு நேர் தெற்கே இருக்கிறது! மூக்கைத் தெற்கே திருப்பினால், புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகை எல்லாம் மேற்கே ஒதுங்கிவிட, பெரும்பாலும் கடல்மேலேயே போய்ச் சேரலாம்.

நேர் தெற்கு என்பதால் தூரத்தை விரல்விட்டே எண்ணலாம். மீனம்பாக்கத்தின் அட்சரேகை 12 டிகிரி 59 நிமிடம், பலாலிக்கு 9 டிகிரி 47. கழித்தால் 3 டிகிரி 12 நிமிடம். மொத்தம் 192 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். ஆக 192 கடல் மைல், சுமார் 355 கிலோமீட்டர். மதுரை விமான நிலையம் இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். இதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய வானாய்வுக்கூடமும் இதே 80-வது டிகிரியில்தான். இந்திய ரயில்கள் ஒரு காலத்தில் ஓடிய மெட்ராஸ் நேரம் அங்கே கணித்ததுதான். அப்படிப் பார்த்தால், யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் மயிலாப்பூரின் உச்சிவேளையும் ஏறக்குறைய ஒன்றே.

பயண நேரத்துக்கு வருவோம். இந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. வகுத்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கால அட்டவணை ஒரு மணிக்கு மேல் காட்டும். இரண்டு ஊர் முக்கிய ஓடுபாதைகளும் பருவக்காற்றுக்கு ஏற்ப வடகிழக்கு–தென்மேற்கு வாக்கில் கிடக்கின்றன. தெற்கே போக வேண்டிய விமானம் ஏறும்போதும் திரும்ப வேண்டும், இறங்கும்போதும் திரும்ப வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

இலங்கைப் போர்க்காலத்தில் இந்த 355 கிலோமீட்டருக்கு நேர்வழியே இல்லை. தி.நகருக்குக் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள்கூட முதலில் கொழும்புக்குப் போய்த்தான் விமானம் ஏற வேண்டியிருந்தது. 2019 அக்டோபர் 17-ல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அன்று வந்திறங்கிய முதல் விமானம் சென்னையிலிருந்து போனது. கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. இத்தனை பக்கத்து ஊரை இத்தனை காலம் தூரத்தில் வைத்திருந்தது பெரிய அநியாயம்.

பலாலியின் கதைக்கு இந்த வாரம் இடமில்லை. அடுத்த வாரம் 1947 டிசம்பர் 10-ல் தொடங்குகிறேன்: கொழும்பு ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாக மெட்ராஸ் வந்த ஏர் சிலோனின் டகோட்டா விமானம். அந்தக் காலத்தில் இந்தத் தடத்தில் பறந்தவர்கள் மயிலாப்பூரிலோ அடையாறிலோ உங்கள் வீட்டில் இருந்தால், கேட்டு எழுதுங்கள்.