பெரிய கோப்பு வேகமாக ஓடும், தெரியுமா?

ஒரே ஒரு 4கே ஃபிரேமில் எத்தனை புள்ளிகள் தெரியுமா? 3840 பெருக்கல் 2160, மொத்தம் 82,94,400! புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். விநாடிக்கு 25 ஃபிரேம். இதைச் சுருக்காமல் அப்படியே வைத்தால் ஒரு விநாடிக்கு 622 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 2.2 டிபிக்கும் மேல்! ஆனால் விநாடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் பதிவு செய்யும் கேமராவில் அதே ஒரு மணி நேரம் 45 ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு!

மீதி நாற்பத்தொன்பது பங்கு எங்கே போயிற்று? இது தெரிந்தால்தான் எடிட்டிங் செய்கிறவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்விக்கு விடை கிடைக்கும்: ரேம் ஏற்றினால் வேகம் கூடுமா, கிராபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டுமா, கம்ப்யூட்டரையே மாற்றிவிட வேண்டுமா?

பெரும்பாலும் கேமரா எல்லா ஃபிரேமையும் முழுதாக எழுதுவதில்லை, தெரியுமா? எச்.264 (2003), எச்.265 (2013) ஆகிய சுருக்க முறைகளில் வழக்கமாக எப்போதாவது வரும் ஒரு ஃபிரேம்தான் முழுப் படம். சில கேமராக்களில் அரை விநாடிக்கு ஒன்று, சிலவற்றில் அதைவிடவும் அரிது. நடுவில் வருபவை எல்லாம் 'முந்திய படத்திலிருந்து இவ்வளவுதான் மாறியது' என்ற குறிப்புகள். இன்னும் வியப்பு என்னவென்றால், அவற்றில் ஒரு வகை, திரைக்கு இன்னும் வராத அடுத்த படத்தையும் பார்த்துத் தன்னை நிரப்பிக்கொள்கிறது! நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தில் கிளிக் செய்த மாத்திரத்தில் கம்ப்யூட்டர் பின்னால் ஓடி முழுப் படத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து குறிப்பு குறிப்பாகக் கட்டிக்கொண்டு வந்துதான் அந்த ஒரு ஃபிரேமைக் காட்டுகிறது. பின்னோக்கி ஓட்டினால் வேலை இன்னும் கூடுகிறது. சினிமா பார்ப்பவர் முன்னோக்கி மட்டுமே போகிறார். அவருக்காகச் செய்த ஏற்பாடு இது. எடிட்டர் முன்னும் பின்னும் தாவுகிறார்!

அதனால்தான் இந்த அதிசயம்: கோப்பைப் பெரிதாக்கினால் எடிட்டிங் வேகமாகிறது! ஆப்பிளின் புரோரெஸ் 422 வகையில் 4கே வீடியோ (விநாடிக்கு 25 ஃபிரேம்) விநாடிக்கு 492 மெகாபிட் தின்கிறது. மணிக்கு 221 ஜிபி. கேமரா தந்ததைவிட ஐந்து மடங்கு பருமன்! ஆனாலும் வழுக்கிக்கொண்டு ஓடும். காரணம், அதில் ஒவ்வொரு ஃபிரேமும் தன்னந்தனியாக முழுப் படம். பின்னால் ஓடித் தேட வேண்டியதே இல்லை. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல், பழைய மெஷினிலேயே, ஃபுட்டேஜை மாற்றி வைத்த ஒரே காரணத்தால் திணறல் தீர்ந்துபோகிறது. எத்தனையோ பேர் இதைச் செய்து பார்க்காமலே கடைக்குப் போகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, கார்டு வாங்கத்தான் போகிறோம் என்றால்? இதைக் கேளுங்கள்! என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, அறிமுக விலை 299 டாலர். ஆர்டிஎக்ஸ் 4090, 1599 டாலர். முதலாவதில் 3,072 கணக்குக் கோர்கள், இரண்டாவதில் 16,384. ஆனால் சுருக்கிய வீடியோவைப் பிரித்துக் கொடுக்கும் டிகோடர் இரண்டிலும் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று! இரண்டிலும் அதே தலைமுறை! அந்த டிகோடர், கோர்களோடு சேராத தனி உறுப்பு. கலர் கரெக்‌ஷன், நாய்ஸ் நீக்கம், பிளர், படத்தைப் பெரிதாக்குதல் போன்றவற்றில் விலை உயர்ந்த கார்டு பாய்ந்து ஓடும். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனிக் கோரிடம் கொடுத்துவிடலாம் அல்லவா! ஆனால் வெறுமனே வெட்டி ஒட்டும்போது திணறுகிறது என்றால், ஐந்து மடங்கு பணம் கொட்டியும் வேறுபாடு தெரியாமல் போகலாம்.

இன்டெல் 2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் சிப்புகளோடு 'குவிக் சிங்க்' என்ற, டிகோடர் அடங்கிய வீடியோ உறுப்பையும் கொண்டுவந்தது. அது இருக்கும் இடம் பிராசசரோடு ஒட்டிய சாதாரண கிராபிக்ஸ் பகுதி. தனியாகக் கார்டு இருக்கிறதே என்று நாம் ஏளனமாகப் பார்க்கிறோமே, அதே பகுதிதான்! பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசசர் சற்று மலிவு. ஆனால் அதில் அந்தப் பகுதி இயங்காது, அதனால் குவிக் சிங்கும் கிடையாது. புதிய கேமராக்கள் பல 4:2:2 10 பிட் என்ற நிறச் செறிவான வகையில் பதிவு செய்கின்றன. இந்த வகை எச்.265 கோப்பை இன்டெலின் 11-ஆம் தலைமுறை பிராசசரிலுள்ள அந்த ஓரத்துப் பகுதியே பிரித்துவிடும். என்விடியா கார்டுகளுக்கோ 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்தத் திறன் வாய்த்தது! அவ்வளவு காலமும் உச்ச விலைக் கார்டு கைகட்டி நிற்க, இலவசமாக ஒட்டி வந்த பகுதி பாரம் சுமந்தது.

ஆப்பிள் கதை இன்னும் விறுவிறுப்பு! 2019 மேக் புரோவுக்கு 'ஆஃப்டர்பர்னர்' என்று ஒரு கார்டு விற்றார்கள். விலை 2000 டாலர். புரோரெஸ் வகைக் கோப்புகளைப் பிரிப்பது ஒன்றே அதன் வேலை. 2021 அக்டோபரில் எம்1 புரோ, எம்1 மேக்ஸ் சிப்புகள் வந்தன. அந்த வேலைக்கான உறுப்பு சிப்புக்குள்ளேயே, மடியில் வைக்கும் மேக்புக்கில்! இரண்டே ஆண்டுகள்!

கோர்கள் கூடினால் வேகமும் அதே அளவு கூடும் என்று நினைக்கிறீர்களா? கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இலேயே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார். பத்து நிமிட வேலை ஒன்றில் நான்கு நிமிடப் பகுதியைப் பங்கு போடவே முடியாது என்று வையுங்கள். ஆயிரம் கோர் கொடுத்தாலும் அந்த நான்கு நிமிடம் குறையாது. கல்யாண வீட்டில் பத்துப் பேர் கூடினால் வெங்காயம் சீக்கிரம் நறுக்கலாம். சோறு வேகிற நேரம் வேகத்தானே செய்யும்! ஒற்றைக் கோரின் கடிகார வேகத்தையாவது ஏற்றலாம் என்றால், 2004-இல் பென்டியம் 4 தொட்டது 3.8 கிகாஹெர்ட்ஸ், 2023-இல் இன்டெலின் உச்சம் 6 கிகாஹெர்ட்ஸ். ஏறக்குறைய இருபது ஆண்டில் இரு மடங்குகூட ஆகவில்லை! ஒவ்வொரு துடிப்பிலும் நடக்கும் வேலை கூடியது உண்மை. ஆனாலும் வீடியோ உலகின் பெரிய பாய்ச்சல்கள், மேலே சொன்ன தனி உறுப்புகளால்தான் வந்தன.

ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால்? 100 மெகாபிட் ஃபுட்டேஜுக்கு விநாடிக்கு 12.5 எம்பி போதும். சுழலும் பழைய டிஸ்க்கே 150 எம்பி தரும்! பல கேமராக் காட்சிகளை ஒன்றாக ஓட்டும்போதும், கேஷ் கோப்புகளுக்கும் எஸ்எஸ்டி பெரும் வரம். ஆனால் விநாடிக்கு 550 எம்பி தரும் எஸ்எஸ்டியிலிருந்து 7000 எம்பி தரும் எஸ்எஸ்டிக்குத் தாவினால் டைம்லைன் பதின்மூன்று மடங்கு வேகமாகாது.

ரேம் போதாதபோது அதைக் கூட்டினால் மறுபிறவி எடுத்தது போல் இருக்கும். போதுமான அளவு வந்தபின் கூட்டுவது சும்மா கிடக்கும்.

லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு: ஆர்டிஎக்ஸ் 4060 என்ற அதே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லேப்டாப்களில் ஒன்று கார்டுக்கு 35 வாட் தரலாம், இன்னொன்று 115 வாட் தரலாம், தெரியுமா? பெயர் ஒன்று, பலம் வேறு! கடையில் வாட் கணக்கைக் கேளுங்கள்.

மென்பொருளே பூட்டிவைத்த வேகமும் உண்டு! 2010-இல் அடோபி பிரீமியர் புரோ சிஎஸ்5 கிராபிக்ஸ் கார்டின் பலத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய என்விடியா கார்டுகளுக்கு மட்டும். அந்தப் பட்டியல் எங்கே இருந்தது தெரியுமா? மென்பொருள் நிறுவிய ஃபோல்டரில், யாரும் திறந்து படிக்கக்கூடிய ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில்! போதிய நினைவகம் உள்ள தங்கள் கார்டின் பெயர் அதில் இல்லாதவர்கள் நோட்பேடில் அதை ஒரு வரியாகச் சேர்த்தார்கள். முடங்கிக் கிடந்த கார்டு விழித்துக்கொண்டது! இன்றும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு விண்டோஸில் ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டைத்தான் பயன்படுத்தும். இரண்டாவது கார்டு செருகினாலும் அது வேடிக்கைதான் பார்க்கும்.

எவ்வளவு வேகமான மெஷின் வாங்கினாலும் ரெண்டர் ஆகும் நேரம் குறையவே காணோமே என்கிறீர்களா? அதற்கும் ஒரு விதி இருக்கிறது! வாயேஜர் விண்கலங்கள் கோள்களைக் கடக்கும் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டிய ஜிம் பிளின் பெயரால் அது வழங்குகிறது: கருவி வேகமாகும் அளவுக்கு வேலையும் பெருகும், ரெண்டர் நேரம் அப்படியே நிற்கும். மினி டிவி கேசட்டில் கல்யாணம் பிடித்த காலத்தில் ஒரு ஃபிரேம் 720 பெருக்கல் 576. இன்றைய 4கே அதைப் போல எத்தனை மடங்கு? வகுத்துப் பாருங்கள், மீதியே இல்லாமல் 20!

எந்த உறுப்பு திணறுகிறது என்பதை உங்கள் மெஷினே சொல்லும். விண்டோஸில் எடிட்டிங் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு-வைப் பாருங்கள். 'வீடியோ டிகோட்' என்ற வரைபடம் அசையாமல் கிடக்க, பிராசசர் 100 சதவீதத்தில் முட்டி நின்றால், உங்கள் ஃபுட்டேஜ் வகையைப் பிரிக்கும் உறுப்பு மெஷினில் இல்லை அல்லது மென்பொருள் அதைத் தொடவில்லை. ரேம் நிரம்பி வழிந்தால் ரேம். டிகோடும் பிராசசரும் ஓய்வாக இருந்து ஜிபியு மட்டும் கொதித்தால் அப்போது கார்டு வாங்குங்கள், மனதாரச் சொல்கிறேன்.

அதுவரை இருக்கவே இருக்கிறது பிராக்ஸி! 4கே-யின் நீள அகலத்தை நான்கில் ஒன்றாக்கினால் 960 பெருக்கல் 540, புள்ளிகள் பதினாறில் ஒரு பங்கு. இந்தச் சிறு நகலில் வெட்டி ஒட்டினால் போதும், எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் தானாகவே அசலை எடுத்துக்கொள்ளும். இது புதுத் தந்திரமும் இல்லை. பிலிம் காலத்து எடிட்டர்கள் நெகட்டிவைத் தொட்டதே கிடையாது; ரஷ் பிரிண்ட் என்ற நகலை வெட்டினார்கள், பிறகு அதற்கு ஏற்ப நெகட்டிவை வேறு ஆட்கள் வெட்டினார்கள். ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் 'கோல்ட் மவுண்டன்' (2003) படத்தை எதில் எடிட் செய்தார் தெரியுமா? கடையில் யாரும் வாங்கக்கூடிய பவர் மேக் ஜி4 மெஷின்களில், ஆயிரம் டாலர் விலையுள்ள ஃபைனல் கட் புரோவில், பிலிமிலிருந்து எடுத்த சிறிய நகல்களை வைத்து! அந்த மேக் வரிசையின் உச்ச வேகமே 1.42 கிகாஹெர்ட்ஸ்தான். அந்த எடிட்டிங் 2004-இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது!