ஒரு வீட்டுக்கான அனுமதி எல்லாக் கூரையிலும் விழுகிறது

பார்க்கும் படத்துக்கு மட்டும் காசு கட்டுவதும், நினைத்த நேரத்தில் படம் போடுவதும் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு வேறு. இலங்கையின் சீகிரியாவைச் சுற்றியுள்ள கிராமம் ஒன்றிலிருந்து பார்த்தால் அது நன்றாக விளங்கும்.

அங்கே கூரையில் இருக்கும் டிஷ்ஷுக்குப் படம் வருவது ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதியிலிருந்து. செய்மதி வீடு பார்த்து அனுப்பாது. ஒரே அலையை நாடெங்கும் பொழியும். பின் எப்படிக் காசு கட்டியவருக்கு மட்டும் படம் தெரிகிறது? படம் பூட்டப்பட்டே வருகிறது. டிஷ்ஷோடு இணைந்த ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள கார்டுக்குத் தனி எண் உண்டு. தொலைபேசி வழியே பணம் கட்டியதும், இந்த எண்ணுக்குத் திறக்கலாம் என்ற செய்தியும் அதே செய்மதியிலிருந்து இறங்குகிறது. சீகிரியா வீட்டுக்கான அந்த அனுமதி யாழ்ப்பாணத்து டிஷ்ஷிலும் விழும். எண் பொருந்தாததால் அங்குள்ள பெட்டி அதை விட்டுவிடும். இந்த ஏற்பாட்டின் அழகே இதுதான் என்பேன்.

2013இல் இந்தியாவில் நடிகர் கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்குக்கு முன்பே, வீட்டு டிஷ்ஷுக்கு நேரே வரும் டிடிஎச் சேவையில் 1,000 ரூபாய்க்குக் காட்ட முனைந்தபோது நம்பியதும் இத்தகைய பூட்டைத்தான். திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், திட்டம் நடக்கவில்லை.

ஆனால் செய்மதியிடம் நாம் திரும்பிப் பேச வழியில்லை. ஒன்பது மணிப் படம் எல்லோருக்கும் ஒன்பது மணிக்கே. ஒரே படத்தை அரை மணி இடைவெளியில் பல அலைவரிசைகளில் ஓட்டிச் சமாளிப்பதுண்டு.

திரும்பும் வழி வயரில் இருக்கிறது. ஸ்ரீ லங்கா டெலிகொம்மின் பியோ டிவி 2008இல் தொலைபேசி வயர் வழியே வந்தது. ரிமோட்டை அழுத்தினால் வேண்டுகோள் அதே வயரில் போகும். நிலையத்துக் கணினி அந்த வீட்டுக்கென்றே படத்தை அனுப்பத் தொடங்கும். நூறு வீடு கேட்டால் நூறு தனி ஓட்டங்கள். செப்பு வயரிலோ தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். ஒதுக்குப்புறக் கிராமங்களில் டிஷ் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2016இல் நெட்ஃபிளிக்ஸ் இலங்கைக்கு வந்தபோது, திரும்பும் வழி பலருக்குக் கைபேசியிலேயே இருந்தது. படம் சில விநாடித் துண்டுகளாக, ஒவ்வொன்றும் பல தரங்களில் வைக்கப்பட்டிருக்கும். கைபேசி வேகத்தை அளந்து அடுத்த துண்டைக் கேட்கும். சிக்னல் தளர்ந்தால் படம் கொஞ்சம் மங்கும், பெரும்பாலும் நிற்காது.

கிரிக்கெட்டுக்கு மட்டும் நான் டிஷ்ஷின் பக்கம். எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் செய்மதிக்குச் சுமை கூடாது. இணையத்தில் துண்டுகள் சேர்ந்து வரத் தாமதமாகும். அடுத்த வீட்டு டிஷ்ஷில் விக்கெட் விழுந்த பிறகே கைபேசியில் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குவார்.