ஒரே திராட்சை, ஊருக்கு ஒரு சுவை

நெல்லை எடை போட்டு வாங்கலாம். கரும்பின் சர்க்கரைக் கட்டுமானத்தை ஆலையில் சோதிக்கலாம். பருத்தியின் இழை நீளத்தைக் கருவியால் அளக்கலாம். ஆனால் ஒயின் எனப்படும் திராட்சை மதுவுக்காக வளர்க்கப்படும் பழத்திற்கு இறுதித் தீர்ப்புச் சொல்பவை மனிதனின் மூக்கும் நாக்கும்தான். சுவை பார்ப்போர் சொல்லும் சொல்லால் ஒரு வட்டாரத்துத் திராட்சைக்கு விலை ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. அந்தச் சுவை எங்கே உண்டாகிறது, அந்தத் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பவை, பழம் விளைவிக்கும் எவரும் அறிய வேண்டிய செய்திகள் ஆகும்.

சுவை பார்க்கும் முறை

கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஒயினை ஊற்றுவார்கள். வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு கோப்பையைச் சுழற்றி மணத்தை முகர்வார்கள். ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுவதும் படும்படி உருட்டி, துப்பிவிடுவார்கள். ஒரே நாளில் பல பத்து வகைகளைச் சோதிப்பவர் விழுங்கினால், பத்தாவது கோப்பைக்கு மேல் அவர் தீர்ப்புக்கு மதிப்பு இராது.

அவர்கள் கவனிப்பவை இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் காரம், துப்பிய பின் வாயில் நிற்கும் சுவையின் நேரம் ஆகியவையாகும். துவர்ப்பு என்பது பச்சைப் பாக்கைக் கடித்தால் நாக்கு இழுப்பது போன்ற உணர்ச்சி. இது பழத்தின் தோலிலும் விதையிலும் இருந்து வருகிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால் அதில் துவர்ப்பு மிகுதி. வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிழிந்து எடுத்துப் புளிக்க வைப்பதால் துவர்ப்பு மிகக் குறைவு.

வேறுபாடு தோட்டத்திலேயே

திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். வெப்பமான ஊரில் இது வேகமாக நடக்கும். குளிர்ந்த ஊரில் மெதுவாக நடக்கும். சர்க்கரையே பின்னர் ஆல்கஹாலாக மாறுகிறது. ஆகவே குளிர்ந்த நாட்டு ஒயின் புளிப்பு மிகுந்தும், வெப்ப நாட்டு ஒயின் காரம் மிகுந்தும் இருப்பது இயல்பு.

ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சையை எடுத்துக்கொள்வோம். பிரான்சில் ஷாப்ளி என்ற குளிர்ந்த வட்டாரத்தில், பழங்காலக் கடற்சிப்பிகள் கலந்த சுண்ணாம்புக் களிமண்ணில் இது விளைகிறது. அங்கே எலுமிச்சை, பச்சை ஆப்பிள் மணமும் கூர்மையான புளிப்பும் கிடைக்கும். அதே ரகத்தைக் கலிபோர்னியாவின் வெப்பமான பகுதிகளில் பயிரிட்டால் பீச் பழம், அன்னாசி ஆகியவற்றின் மணம் வரும். சில ஷார்டொனேக்களில் வெண்ணெய், வெனிலா மணம் உண்டு. அது மண்ணின் குணம் அன்று. வெண்ணெய் மணம், புளிப்பை மென்மையாக்கும் ஒரு வகை பாக்டீரியாவால் வருவது. வெனிலா மணம் ஓக் மரப் பீப்பாயில் இருந்து வருவது.

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில், ஏணி போன்ற செங்குத்தான சரிவுகளில் ரீஸ்லிங் என்ற திராட்சை விளைகிறது. அங்குள்ள கரிய பலகைக்கற்கள் பகலில் வெயிலை வாங்கி, இரவில் வெப்பத்தை விடுகின்றன. குளிர் நாட்டில் பழம் பழுக்க இது உதவுகிறது. இந்த ஒயினில் ஆல்கஹால் குறைவு, புளிப்பு மிகுதி. ஆண்டுகள் சென்றால் மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாடை எழும். பழகாதவர் முகம் சுளிப்பர். பழகியவர்கள் பலர் அதையே முதிர்ந்த ரீஸ்லிங்கின் அடையாளம் என்பர்.

சுண்ணாம்பு மண்ணில் விளைந்தால் சுண்ணாம்பின் ருசி வரும் என்று எண்ணலாகாது. கல்லின் சுவையை வேர் உறிஞ்சிப் பழத்தில் சேர்ப்பதில்லை. மண் தன் குணத்தைக் காட்டுவது பெரும்பாலும் நீரைப் பிடிப்பதாலும் வடிப்பதாலும், வெப்பத்தைத் தாங்குவதாலும் ஆகும்.

குடைமிளகாய் வாடை

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், மெதோக் பகுதியின் சரளை மண்ணில் கேபர்னே சாவிக்னான் என்ற கருந்திராட்சை விளைகிறது. இது தாமதமாகப் பழுக்கும் ரகம். சரளை மண் நீரை எளிதில் வடித்து, வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் இந்த ரகத்திற்கு ஏற்றது. நன்கு பழுத்தால் பிளாக்கரன்ட் பழம் போன்ற செறிந்த பழ மணம் இருக்கும். முதிராமல் பறித்தாலும், இலை அடர்ந்து குலைகள் நிழலில் கிடந்தாலும் பச்சைக் குடைமிளகாயின் வாடை அடிக்கும்.

இதற்குக் காரணமான பொருள் மிகச் சிறிதளவே இருந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். குலையைச் சுற்றியுள்ள சில இலைகளைக் காய்ப் பருவத்திலேயே கிள்ளி, வெளிச்சம் படச் செய்தால் இது குறைகிறது. வெயில் கடுமையான இடங்களில் அளவுக்கு மீறிக் கிள்ளினால் பழம் வெந்துபோகும். ஆக, சுவை பார்ப்பவர் சொல்லும் ஒரே சொல் கவாத்திலும் அறுவடையிலும் நேர்ந்த குறையைக் காட்டிவிடுகிறது.

இத்தகைய சொற்களை ஒழுங்குபடுத்தியவர் ஆன் நோபிள் என்ற பெண் விஞ்ஞானி. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய இவர், 1984-ல் மணச் சக்கரம் ஒன்றை வகுத்தார். நடுவில் பழ மணம், மலர் மணம், பச்சிலை மணம் போன்ற பொதுச் சொற்கள். வெளிவட்டத்தில் எலுமிச்சை, ரோஜா, குடைமிளகாய் போன்ற தெளிவான சொற்கள். 'நேர்த்தியானது', 'உயர்ந்தது' போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. சாதாரண ஒயினில் ஒரு துண்டு குடைமிளகாயைப் போட்டு முகர்ந்தால் அந்தச் சொல்லின் பொருள் எவருக்கும் விளங்கும்.

பெயரை மறைத்தபோது

1976 மே 24-ஆம் தேதி பாரிசில் ஒரு சோதனை நடந்தது. அங்கே கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னிய ஒயின்களையும் பெயர் தெரியாமல் ஊற்றிக் கொடுத்தார். பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேர் மதிப்பெண் இட்டனர். ஒரு கலிபோர்னிய ஒயினைக் குடித்துவிட்டு, இதுதான் பிரான்சு என்று மகிழ்ந்தவரும் அவர்களில் இருந்தார். முடிவில் வெள்ளை, சிவப்பு இரண்டிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குக் கிடைத்தது.

சிவப்பில் வென்றவர் வாரன் வினியார்ஸ்கி. 1969-ல் நாதன் ஃபே என்ற விவசாயி வீட்டில் செய்திருந்த ஒயினைச் சுவைத்த இவர், இத்தகைய பழம் தரும் நிலமே வேண்டும் என்று முடிவு செய்தார். அடுத்த ஆண்டே ஃபேயின் தோட்டத்திற்கு அருகில் இருந்த பிளம்ஸ் தோப்பை வாங்கித் திராட்சை நட்டார். வென்ற ஒயின் 1973 அறுவடையில் வந்தது. கொடிகளுக்கு அப்போது வயது மூன்றுதான்.

வெள்ளையில் வென்ற ஷாட்டோ மான்டலீனா நிறுவனமோ பழத்தை விலைக்கு வாங்கியது. அதில் ஒரு பங்கு சோனோமா பகுதியில் பாசிகலூப்பி குடும்பத்தார் விளைவித்தது. புட்டியின் சீட்டில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. பழம் கொடுத்தவர்களின் பெயர் இல்லை.

நிபுணரின் நாவும் ஏமாறுவது உண்டு. போர்தோவில் ஒயின் கல்வி பயின்ற 54 மாணவர்களிடம், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயின் தரப்பட்டது. அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே வர்ணித்தனர். 2001-ல் வெளிவந்த இந்த ஆய்வு, கண் சொல்வதை மூக்கும் நம்பிவிடும் என்று காட்டியது.

விளைவிப்போர் செய்யத்தக்கவை

ஊரின் பெயருக்குப் பாதுகாப்பும் வேண்டும். பிரான்சு 1935-ல் சட்டம் இயற்றி, எந்த எல்லைக்குள், எந்த ரகத்தை, எவ்வளவு மகசூலுக்குள் விளைவித்தால் ஊரின் பெயரைச் சூட்டலாம் என்று வரையறுத்தது. நம் தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் இந்த ரகம் பெரும்பாலும் பழமாகவே விற்பனையாகிறது. பெயர் கிடைத்துவிட்டது, அதைக் காப்பது பெட்டிக்குள் உள்ள பழத்தின் மணமும் இனிப்புமே.

எனவே அறுவடைக்குப் பத்து நாள் முன்பிருந்தே தோட்டக்காரர் தம் பழத்தைத் தாமே சுவைத்துப் பார்த்தல் நலம். வரப்போரக் குலைகளை மட்டும் பார்த்தால் போதாது; நடு வரிசையிலும், நிழல் பக்கத்திலும் பழம் எடுக்க வேண்டும். சதையின் இனிப்பு, புளிப்பைப் பார்த்த பின் தோலைத் தனியே மென்று துவர்ப்பை அறிய வேண்டும். விதை பச்சையாக இருந்தால் பழம் முதிரவில்லை. பழுப்பாகி, கடித்தால் நொறுங்கினால் முதிர்ந்தது. சர்க்கரை அளக்கும் கைக்கருவி இருந்தால் அந்த அளவையும், தேதியையும், பாத்தியையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். இரண்டு, மூன்று அறுவடைகளுக்கு இப்படிக் குறித்தால், எந்தப் பாத்தியில் எப்போது பறிப்பது என்பது தெளிவாகும். வியாபாரி வந்து 'பழம் சுமார்தான்' என்று சொல்லும்போது, எதில் சுமார் என்று கேட்க அந்த நோட்டு துணை நிற்கும்.